வீட்டிலேயே ஆர்கேட் கேம் பெட்டி: எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம்? 4 வகைகள், ஓர் ஒப்பீடு

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியைப் பார்த்தவர்களுக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி தெரிந்திருக்கும். அதில் வரிசையாகக் கோர்த்த அட்டைகள் சுற்றும். அட்டையில் ஓட்டை இருந்தால் அதற்குரிய இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லையா, எழும்பாது. மாங்காயோ மயிலோ, எவ்வளவு சிக்கலான டிசைனாக இருந்தாலும் அடிப்படை ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே பதில்தான்.

வீடியோ கேம் கடைகளில் நின்றுகொண்டு ஆடிய அந்தப் பழைய ஜாய்ஸ்டிக்கும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. மேலே, கீழே, இடம், வலம் என நான்கு திசைக்கு நான்கு சுவிட்ச். குச்சியைச் சாய்த்தால் அந்தத் திசைக்கான சுவிட்ச் ‘உண்டு’ என்கிறது. மூலைவாட்டில் சாய்த்தால் இரண்டு சுவிட்ச் சேர்ந்து சொல்கின்றன. அவ்வளவுதான் விஷயம்.

பழைய கம்ப்யூட்டர் அல்லது ராஸ்பெர்ரி பை, ஒரு டிவி, ஒரு பிளைவுட் பெட்டி. இவை இருந்தால் வீட்டிலேயே ஆர்கேட் மெஷின் செய்துவிடலாம். ஆனால் ஆன்லைனில் ஜாய்ஸ்டிக் தேடினால் மைக்ரோசுவிட்ச், ஆப்டிக்கல், ஹால் எஃபெக்ட் என்று பெயர்கள் குழப்பும். விலையும் பல மடங்கு மாறும். எதை எடுப்பது?

மைக்ரோசுவிட்ச்: ‘டிக் டிக்’ சத்தக்காரர்

இன்று அதிகம் கிடைப்பது இதுதான். சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங் தகடு. குச்சி அழுத்தியதும் ‘டிக்’கென்று மடங்கி இணைப்பு கொடுக்கும். கம்ப்யூட்டர் மவுஸின் பட்டனுக்குள் இருப்பதும் இதே குடும்பம்தான். ஜப்பானின் சான்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். ஜாய்ஸ்டிக், அமெரிக்க பாணி ஹேப் ஜாய்ஸ்டிக் இரண்டும் இந்த வகை.

வேறு மின்சப்ளை வேண்டாம், இரண்டு வயர் போதும். குறை, சத்தம். பக்கத்தில் குழந்தை தூங்கினால் கஷ்டம்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சான்வா ஜே.எல்.எஃப்-ல் நான்கு சுவிட்ச்சும் ஒரே சர்க்யூட் தட்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஹேப் வகையில் ஒவ்வொரு சுவிட்ச்சும் தனித்தனி. ஒன்று போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

லீஃப் சுவிட்ச்: அமைதியான பழைய ஆள்

1980-களின் தொடக்கத்தில் வந்த மெஷின்களில் இது சாதாரணம். இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொடாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். குச்சி ஒன்றைத் தள்ளினால் மற்றதைத் தொடும். சத்தமே கிடையாது, கைக்கு மென்மை.

ஆனால் திறந்த தகடு என்பதால் தூசியும் துருவும் சேரும். அவ்வப்போது துடைக்கணும், தகடு வளைந்தால் சரிசெய்யணும். புதிதாகக் கிடைப்பதும் குறைவு.

ஆப்டிக்கல்: ஒளியை மறைத்தால் சிக்னல்

இதில் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விடும் எல்.இ.டி., எதிரே அதை உணரும் சென்சார். குச்சி அசைந்ததும் நடுவே ஒரு சின்னத் தகடு வந்து ஒளியை மறைக்கும், அல்லது விலகி வழிவிடும். அந்த மாற்றம்தான் சிக்னல். தொடர்பு முனைகள் தேயாது, சத்தமும் குறைவு.

ஆனால் சென்சாருக்கு மின்சாரம் வேண்டும், பெரும்பாலும் 5 வோல்ட். நீங்கள் வாங்கும் யு.எஸ்.பி. போர்டில் அதற்கான முனை இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும்.

ஹால் எஃபெக்ட்: காந்தம் பேசும்

எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த விளைவை வைத்து இயங்குவது. குச்சியின் அடியில் காந்தம், அதன் நகர்வை உணரும் சென்சார். இதிலும் தொடர்பு முனை இல்லை, தேய்மானம் மிகக் குறைவு. தூசி வந்தாலும் பெரிதாகப் பாதிக்காது.

கேம் கன்ட்ரோலர்களில் குச்சியைத் தொடாமலேயே பாத்திரம் தானாக நகரும் ‘டிரிஃப்ட்’ பிரச்சினை வரும், தெரியுமா? அங்கே பல மாடல்களில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். அதற்குள் தகடு உரசி உரசித் தேயும். அதற்கு மாற்றாகத்தான் ஹால் எஃபெக்ட் பிரபலமானது. ஆனால் ‘உண்டு, இல்லை’ மட்டுமே கேட்கும் ஆர்கேட் கேமுக்கு இது அவசியம் என்று சொல்ல முடியாது. இதற்கும் மின்சப்ளை தேவை, பெரிய ஸ்பீக்கரின் காந்தத்தை ஒட்டி வைக்கவும் கூடாது.

சுவிட்சைவிட முக்கியமானது ‘கேட்’

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக் வாங்கியும் பேக்-மேன் சரியாகத் திரும்பவில்லை என்றால் குற்றம் சுவிட்ச்சில் இல்லை. ‘கேட்’டில் இருக்கிறது.

கேட் என்பது குச்சி எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போகலாம் என்று கட்டுப்படுத்தும் அடித்தகடு. 1980-ல் வந்த பேக்-மேனும் 1981-ல் வந்த டாங்கி காங்கும் நான்கு திசைக்காகவே உருவானவை. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடும்போது கை லேசாக மூலைக்குப் போனாலும் இரண்டு சுவிட்ச் ஒன்றாக அழுந்தும். எந்தப் பக்கம் திரும்புவது என்று கேமுக்குப் புரியாது. அதற்குள் பேய் வந்து பிடித்துவிடும்.

1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 நேர்மாறு. கீழே, மூலை, முன்னே என்று குச்சியை உருட்டினால்தான் ஸ்பெஷல் அடி விழும். அங்கே நான்கு திசை கேட் போட்டால் கதை முடிந்தது.

எனவே கேட்டைத் திருப்பி 4 அல்லது 8 திசைக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல மாடல்களில் இருக்கிறது.

பெட்டி செய்யும்போது

ஜப்பானிய ஜாய்ஸ்டிக்குகள் மெல்லிய உலோகப் பலகைக்காக வடிவமைக்கப்பட்டவை. 18 மி.மீ. பிளைவுட்டில் அப்படியே மாட்டினால் குச்சி குட்டையாகத் தெரியும். அடியில் மரத்தைக் குடைந்து பொருத்தச் சொல்லுங்கள். தறிச் சாமான் செய்து பழகிய தச்சருக்கு இது பெரிய வேலையில்லை. அமெரிக்க பாணி நீளக் குச்சியென்றால் இந்தத் தொல்லையே குறைவு. எம்.டி.எஃப். பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும், பிளைவுட் நல்லது.

பட்டன் ஓட்டை ஜப்பானிய வகைக்கு 30 மி.மீ., அமெரிக்க வகைக்கு சுமார் 28 மி.மீ. பட்டனை வாங்கி அளந்த பிறகே துளை போடுங்கள். மைக்ரோசுவிட்ச்சில் மூன்று முனை இருந்தால் ‘காமன்’, ‘என்.ஓ.’ இரண்டில் மட்டும் வயர் மாட்டணும். ‘என்.சி.’யில் மாட்டினால் தொடாதபோதே அழுத்தியதாகக் காட்டும். வயர் கிளிப்பிலும் 2.8 மி.மீ., 4.8 மி.மீ. என்று அளவு வேறுபடும்.

கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு யு.எஸ்.பி. போர்டு வேண்டும். 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோவில் ஜி.பி.2040-சி.இ. என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அதுவே போர்டாகிவிடும். இன்னொரு விஷயம்: பழைய கேம்களுக்கும் காப்புரிமை உண்டு. காசு கொடுத்து வாங்கிய தொகுப்புகளையே பயன்படுத்துங்கள்.

விளையாட்டு மட்டும்தானா?

இல்லை. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் விரல் மடக்க முடியாதவர்களுக்கும் இன்றைய கன்ட்ரோலரைப் பிடிப்பதே சிரமம். மேஜையில் நிற்கும் பெரிய குச்சியை உள்ளங்கையால் தள்ளலாம். 2018-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் வெளியிலிருந்து சுவிட்ச் மாட்ட 3.5 மி.மீ. ஜாக்குகள் இருக்கின்றன. சாதாரண மைக்ரோசுவிட்ச்சின் இரண்டு வயரையும் அதில் கொடுக்கலாம். இவர்களுக்கு அழுத்தம் குறைந்த ஸ்பிரிங் உள்ள ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்தெடுப்பது முக்கியம்.

சரி, எதை வாங்கலாம்?

முதல் முறை செய்பவர்கள்: தனித்தனி மைக்ரோசுவிட்ச் உள்ள, கேட் மாற்றக்கூடிய ஜாய்ஸ்டிக்.

சத்தம் ஆகாது என்பவர்கள்: ஆப்டிக்கல். 5 வோல்ட் முனையை மறக்க வேண்டாம்.

தினமும் மணிக்கணக்கில் சண்டை கேம் ஆடுபவர்கள்: ஹால் எஃபெக்ட் யோசிக்கலாம்.

பழைய மெஷினைப் புதுப்பிப்பவர்கள்: அதில் இருந்த லீஃப் சுவிட்ச்சையே சுத்தம் செய்து பாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது பழுதானால் யார் சரிசெய்வது? ஆப்டிக்கல், ஹால் வகைகளில் சர்க்யூட் போனால் அதே நிறுவனத்தின் போர்டுக்காகக் காத்திருக்க வேண்டிவரும். தனி மைக்ரோசுவிட்ச் என்றால் சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை, ஒரு ஸ்க்ரூ டிரைவர். மறுபடி ஆட்டம் ஆரம்பம்.