வளைகாப்பு வீட்டில் வைக்கிங் வினாடி வினா!

வளைகாப்பு என்றால் கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், இலையில் கலந்த சாத வகைகள். எல்லாம் சரிதான்! வளையல் அடுக்கி முடித்து இலை போடும் வரை இருக்கிற ஒரு மணி நேரம்தான் சங்கடம். "வயிறு கூரா இருக்கு, பையன்தான்!" "இல்லடி, முகம் தெளிஞ்சிருக்கு, பொண்ணு!" என்று ஆளுக்கொரு ஜோசியம் கிளம்பும். மணையில் இருப்பவளோ மாமியார் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவள் மனசு என்ன பாடுபடும்?

அந்த ஜோசியத்துக்குப் பதில் ஒரு வினாடி வினா வையுங்களேன்!

காரைக்கால்காரர்களுக்கு விஷயம் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே பஸ் ஏறினால் பொறையாறு தாண்டித் தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அவர்கள் கையில் இருந்தது. அந்த டேனிஷ்காரர்களின் முன்னோர்தான் ஆயிரம் வருஷத்துக்கு முன் கடலைக் கலக்கிய வைக்கிங்குகள். அவர்களைப் பற்றிச் சில கேள்விகள், விடைகளோடு:

1. வைக்கிங்குகள் கொம்பு வைத்த தொப்பி போட்டார்களா?
இல்லை! அது 19-ஆம் நூற்றாண்டு மேடை நாடக உடையிலிருந்து வந்த கற்பனை.

2. நார்வேயில் ஓசேபர்க் என்ற இடத்தில் 1904-ல் ஒரு பெரிய வைக்கிங் கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். அதில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது எந்த ராஜா?
ராஜாவே இல்லை. இரண்டு பெண்கள்!

3. வெள்ளிக்கிழமைக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரைடே' என்று பெயர் வந்தது யாரால்?
'ஃப்ரிக்' என்ற தேவியால். இல்லறத்துக்கும் தாய்மைக்கும் உரிய தெய்வம். வெள்ளிக்கிழமை அங்கேயும் அம்மன் நாள்தான்!

4. நம்மைப் போல் அப்பா பெயரையே இனிஷியலாகக் கொண்டவர்கள் யார்?
ஐஸ்லாந்துக்காரர்கள். வைக்கிங் வழிவந்த அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு 'மகன்', 'மகள்' என்று சேர்த்துக்கொள்வார்கள்.

5. வைக்கிங் வீட்டில் குழந்தைக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள்?
தண்ணீர் தெளித்துப் பெயர் சூட்டுவார்கள். பெரும்பாலும் இறந்துபோன தாத்தா, பாட்டி பெயர். நாமும் பாட்டன் பெயரை வைத்துத்தானே 'பேரன்' என்கிறோம்!

சிரித்துக் களைத்தபின் கடைசி மூன்று கேள்விகளை எடுங்கள். இவற்றுக்கு எல்லோரும் விடை சொல்லியே ஆக வேண்டும்.

6. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்கலாமா?
கூடாது. காப்பியும் டீயும் சத்தை உடம்பில் சேரவிடாது. தண்ணீரோ எலுமிச்சை ஜூஸோ நல்லது. 2019-21-ல் எடுத்த தேசியக் கணக்குப்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆகவே மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள்.

7. தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம். இது 'சூடு'தானா?
இல்லை. ரத்தக்கொதிப்பாக இருக்கலாம். கஷாயம் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி!

8. குழந்தை வழக்கம்போல் துள்ளவில்லை என்றால்?
"அது தூங்குதும்மா" என்று சமாதானம் சொல்லாதீர்கள். உடனே கிளம்புங்கள். ரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும் அப்படியே. வண்டிக்கு 108.

இந்த மூன்றையும் மணையில் இருப்பவள் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு "ஒண்ணுமில்லடி, படு" என்று சொல்லக்கூடியவர் பாட்டியோ மாமியாரோதான். அதனால் இந்தக் கேள்விகளை அவர்களிடமே கேளுங்கள்! நாலு பேர் முன்னால் அவர்கள் வாயால் சொன்ன விடை, பிறகு அந்த வீட்டில் சட்டம் மாதிரி நிற்கும்.

சரியாகச் சொன்னவர்களுக்குப் பரிசு? ஒரு டஜன் கண்ணாடி வளையல் போதுமே! பையனா, பெண்ணா என்ற கேள்வி மட்டும் வேண்டாம். அதற்கு விடை, பிறக்கும் நாளில் தானே தெரியும்.