கொங்கு வெயிலும் சம்பா கோதுமையும்

வடநாட்டுப் பனியில் செழிக்கின்ற கோதுமை, நமது கோயமுத்தூர்ச் சீமையின் வெயிலைத் தாங்கி விளையுமா?

பூத்து முடிந்து, கதிரில் பால் பிடித்து மணி முற்றுகின்ற அந்தச் சில வாரங்களில் உஷ்ணம் மிகுந்துவிட்டால், நிதானமாக நிரம்ப வேண்டிய மணிகளைப் பயிர் அவசரமாக முதிரச் செய்து, சுருங்கி எடை குன்றிய தானியத்தையே தரும். இரவும் புழுக்கமாயிருந்தால், பகலெல்லாம் சேமித்த சர்க்கரையைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும்.

ஆனால் டைகாக்கம் என்று தாவர சாஸ்திரிகள் அழைப்பதும், உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் நம் இல்லங்களில் தொன்றுதொட்டுப் பெயர்பெற்றதுமான சம்பா கோதுமை, ரொட்டிக் கோதுமை சோர்ந்துபோகும் வெப்பத்தையும் பெரும்பாலும் சகித்து மணி கட்டுகின்ற புராதன ஜாதி. உமி எளிதில் பிரியாது, குத்தித்தான் எடுக்கவேண்டும் என்ற சிரமத்தினாலும், மகசூல் குறைவினாலும் இத்தகைய தானியத்தை நாம் ஒதுக்கிவைத்தது உண்மையில் வருந்தத்தக்கதே. நல்லவேளையாக, குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை, இந்த ஜாதியைப் பேணிக் காத்ததோடு, காற்றுக்குச் சாயாத குட்டை ரகமாகிய நீலகிரி கப்லியையும் உருவாக்கித் தந்திருக்கிறது.

சமவெளியில் கோதுமை பயிரிட விரும்பும் விவசாயப் பெருமக்கள், ஐப்பசியின் பிற்பகுதியிலேயே விதைத்துவிட்டால், மார்கழிக் குளிரில் பூத்து, வெயில் ஏறுமுன் கதிர் முற்றிவிடும்.