நிற்கும் மரம் தரும் கூலி
வறண்ட நிலத்தில் ஓர் இரவு – 7

சென்ற வாரம் எகிப்தின் சீவா பாலைவனச் சோலையில் இருந்தோம். உப்பும் களிமண்ணும் சேர்ந்த கெர்ஷெஃப் சுவர்கள், மின்சாரம் இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் விடுதி. அங்கே கணக்கில்லாமல் தோண்டிய கிணறுகளால் உபரி நீர் தேங்கி, உவர் ஏரிகள் பெருத்து, பேரீச்சைத் தோப்புகளைக் கெடுப்பதையும் பார்த்தோம். நம் பக்கத்திலேயே அப்படியொரு சோலை உண்டு. திருப்பதிக்கு வடமேற்கே, சேஷாசல மலைத்தொடரில் இருக்கும் தலகோனா.

தலகோனா இருக்கும் ராயலசீமா பாலைவனம் இல்லை. ஆனால் அதன் வாசல்வரை போய்விட்ட நிலம். அனந்தபூருக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பது சுமார் 550 மில்லிமீட்டர் மழை. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கே ஆயிரம் அடியைத் தாண்டி போர் போட்டும் புழுதியைப் பார்த்த விவசாயிகள் ஏராளம். வானம் பார்த்த வேர்க்கடலைக் கொல்லைகளையும் மொட்டைப் பாறைகளையும் கடந்து, பாகராப்பேட்டை வழியாக நெரபைலு கிராமத்தைத் தாண்டியதும் காற்று மாறுகிறது. சாலைமேல் மரங்கள் கவிந்துகொள்கின்றன. அப்பால் 270 அடி உயரப் பாறையிலிருந்து இறங்குகிறது அருவி.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலையின் மேல்பகுதி குவார்ட்சைட் பாறை. கடினமானதுதான், ஆனால் உடம்பெல்லாம் விரிசல். பெய்யும் மழை அந்த விரிசல்களில் இறங்குகிறது. அடியில் நீர் புகாத பாறை தடுக்கும்போது பக்கவாட்டில் கசிந்து ஊற்றாகிறது. மழை நின்ற பிறகும் ஓடை ஓடுவது இதனால்தான். ஆனால் மழை உள்ளே இறங்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத் தருவது மரங்களின் வேரும் சருகும். காடு போனால் பாறை இருக்கும், ஊற்று இருக்காது.

இங்கே தங்குமிடம் என்பது சில அறைகளும் குடில்களும்தான். கட்டில், போர்வை, வாளியில் தண்ணீர். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிப் புலுசும் சுடச்சுட வரும். செல்போன் சிக்னலை நம்ப முடியாது. இருட்டியபின் பூச்சிகளின் ஒலியும் ஓடையின் ஓசையும் மட்டுமே. தேவாங்கும் மலை அணிலும் வாழும் காடு இது. மரத்துக்கு மரம் தாவிப் படரும் ராட்சதக் கொடிகளை இங்கே பார்க்கலாம். அவற்றின் காய் அரிவாள் போல நீண்டு தொங்கும். பாறை இடுக்குகளில் தங்கப் பல்லி வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாகப் பெரிதாக வளராத செம்மரத்துக்கு இந்த மலைத்தொடரே தாய்வீடு. 1989இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும் 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் இந்த மலைகளில் அறிவிக்கப்பட்டன.

என்னை அதிகம் தொட்டது, விருந்தினரைக் கவனிப்பவர்கள் பக்கத்துக் கிராமத்து மக்கள் என்பது. ஆந்திராவில் 1992இல் தொடங்கிய கூட்டுக் காடு மேலாண்மைத் திட்டத்தின் வழியே ஊருக்கு ஊர் வன சம்ரக்ஷண சமிதிகள் உருவாயின. தலகோனாவின் சூழல் சுற்றுலா அப்படியொரு சமிதியைச் சார்ந்தே வளர்ந்தது. சமைப்பவர், வழிகாட்டுபவர், நுழைவாயிலில் நிற்பவர் எல்லோருக்கும் காடு நின்றால்தான் சம்பளம்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று இதே சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, ஆந்திர அதிரடிப் படையினர் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைகள் அவர்களில் பலர். வெட்டிய மரத்தின் லாபம் எங்கோ இருக்கும் வியாபாரிக்கு. வெட்டப் போன கைக்குக் கூலியும், சிலருக்குக் குண்டும். நிற்கும் மரத்திலிருந்து ஒரு குடும்பம் மானத்தோடு சாப்பிட முடியும் என்பதை, அவர்களில் சிலர் வந்த ஜவ்வாது மலைக்கும் யாராவது கொண்டுபோய்ச் செய்து காட்டியிருந்தால், அந்தச் சாவுகளில் சிலவாவது தவிர்ந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே தலகோனாவுக்குப் போங்கள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, நவம்பர் முதல் ஜனவரி வரை அருவி நிறைந்திருக்கும். சிவராத்திரியன்று சித்தேஸ்வர சுவாமி கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும்; அமைதி வேண்டுவோர் அந்த நாளைத் தவிர்க்கலாம். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சொகுசு வசதி குறைவு என்று குறைசொல்லாதீர்கள். சீவா நமக்குச் சொன்ன பாடமும் இதுதான்: சோலையின் தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு, விடுதி அதற்குள் அடங்க வேண்டும். நூறு அறை கட்டினால் நூறு பேருக்கு வேலை கிடைக்கும். ஊற்று வற்றிய அன்று ஒருவருக்கும் இருக்காது. இந்தச் சிறிய விடுதி சிறியதாகவே நீடிக்கட்டும். இதுபோல இன்னும் பத்து மலையடிவாரங்களில், அந்தந்த ஊர்க்காரர்கள் கையில், பத்துச் சிறிய விடுதிகள் வரட்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மதனப்பள்ளிக்கு அருகே ஹார்ஸ்லி மலை