வேலியே பயிரை மேயும் வியாதி

கண்ணில் மஞ்சள் தட்டியதும் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது கீழாநெல்லி. நாட்டு மருந்தை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஐம்பதைக் கடந்த ஒருவருக்கு வலியும் ஜுரமுமின்றி மஞ்சள் படர்ந்து, உடலில் அரிப்பெடுத்து, எடையும் குறைந்து வருமாயின், கணையத்தின் தலைப்பாகத்தில் எழுந்த புற்று பித்தக் குழாயை நெரிப்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். அத்தகையவரைப் பத்தியத்தில் வைத்து ஒரு மண்டலம் காத்திருப்பது ஆபத்து. இரைப்பைக்குப் பின்னே மறைந்து கிடக்கும் உறுப்பாதலால், நோய் வெளிப்படும்போது பெரும்பாலோருக்கு ரண சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிடுகிறது. அமெரிக்காவிலேயே ஐந்தாண்டு பிழைத்திருப்போர் 100-க்குச் சுமார் 13 பேர்தாம்.

தேகத்தின் காவலர்களாகிய வெள்ளணுக்கள் என்ன செய்கின்றன என்று நேயர்கள் வினவலாம். இப்புற்று நார்த் திசுவால் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்கிறது. பகையணுவை நேரே கொல்ல வல்ல டி அணுக்களிற் பல அம்மதிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. உள்ளே புகும் வேறு சில வெள்ளணுக்களோ பகைவனுக்கே ஏவல் செய்து, டி அணுக்களை அடக்கிவைக்கின்றன. கட்டியினுள் டி அணுக்கள் மிகுந்திருப்போர் பொதுவாக நீண்ட நாள் வாழ்கின்றனர் என்பது ஆராய்ச்சியாளர் கண்டது. சாதாரண இரத்தப் பரிசோதனையிலும் ஒரு குறிப்பு உண்டு: லிம்போஸைட்டுகளை நோக்க நியூட்ரோபில்கள் மிக அதிகமாயிருப்பது நற்குறியன்று. ஆனால் அந்த ஓர் எண்ணை ஜாதகம்போல் வைத்துக்கொண்டு ஆயுளைக் கணிக்க முற்பட வேண்டா.

ரால்ப் ஸ்டைன்மன் என்னும் விஞ்ஞானி 1973-இல், ஜான்வில் கோனுடன் சேர்ந்து, கிளைகள் பரப்பிய டெண்ட்ரிடிக் அணுவை உலகுக்கு அறிவித்தார். பகைவனின் அடையாளத்தை டி அணுக்களுக்குக் கற்பிக்கும் அணு அது. (பள்ளி ஆசிரியராகிய நமக்கு இதன்மீது தனிப் பிரியம்.) 2007-இல் அவரையே கணையப் புற்று பற்றியது. ரண சிகிச்சையும் மருந்துகளும் பெற்றதோடு, தம் அணுக்களைக்கொண்டு செய்த தடுப்பு மருந்தையும் தம்மீதே சோதித்தார். நாலரை ஆண்டு வாழ்ந்து, 2011 செப்டம்பர் 30-இல் காலமானார். மரணச் செய்தியை அறியாத நோபல் குழுவினர் அக்டோபர் 3-இல் அவருக்குப் பரிசை அறிவித்தனர். அது நிலைக்கவும் செய்தது. எச்சிகிச்சை அவர் ஆயுளை நீட்டியது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

2023-இல் நியூயார்க்கின் வினோத் பாலச்சந்திரனும் குழுவினரும், கட்டியை அகற்றிய 16 பேருக்கு, அவரவர் கட்டிக்கென்றே தனித்தனியே சமைத்த ஆர்.என்.ஏ. தடுப்பூசி இட்ட செய்தியை வெளியிட்டனர். எட்டுப் பேரிடம் டி அணுக்கள் விழித்தெழுந்தன; நோய் மீள்வதும் அவர்களிடம் தாமதித்தது. எட்டுப் பேரைக்கொண்டு முடிவு கட்டலாகாது. எனினும் பூட்டிய கதவில் ஒரு சாவி நுழைந்திருக்கிறது.

அம்மருந்து நம் கைக்கு எட்டுமுன் செய்யத்தக்கதும் உண்டு. கேரளத்திலும் தமிழகத்திலும் சிலருக்கு இளவயதிலேயே கணையத்தில் கற்கள் உண்டாகி அழற்சி நாட்பட்டு நிற்கிறது. இவர்களைப் புற்று பற்றும் அபாயம் மற்றவரினும் அதிகம். அடிக்கடி முதுகுவரை பாயும் வயிற்றுவலியும் இளமையில் நீரிழிவும் உடையோர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நலம். புதுவைவாசிகள் அதற்காகக் கப்பலேற வேண்டியதில்லை. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், கோரிமேட்டிலேயே இருக்கிறது.