தேயிலைத் தூரில் விளைந்த முதுமொழி

முதுமொழிக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், நுட்பமும் சுருக்கமும் தெளிவும் எளிமையும் அதற்கு வேண்டும் என்றார். ஏட்டறிவு வாய்க்காத மாந்தரிடத்தும் அவ்விலக்கணம் நிறைந்திருத்தலைக் காண விரும்புவோர், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் லயங்களுக்குச் சென்று செவிசாய்த்தல் வேண்டும்.

1820களில் கோப்பிக்காகவும், 1867இல் தொடங்கிய தேயிலைக்காகவும் தமிழகத்து உழவர்குடியினர் இம்மலைகளுக்கு அழைத்து வரப்பெற்றனர். மூட்டை முடிச்சோடு பழமொழிகளும் உடன்வந்தன. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றனர். விதைக்கச் சொந்த நிலமில்லை. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்றனர். இங்கோ கணக்கேடு கங்காணியின் கையில் இருந்தது. கடன்தொகை எழுதிய ‘துண்டு’ 1921இல் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியைத் தோட்டந்தோறும் தொடர்ந்தது. வயல் மறைந்தது, வயல் தந்த சொல் மறையவில்லை.

மலையும் தன் பங்குக்குச் சொல் தந்தது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்ட வந்தோர் ஆசை காட்டினர் என்பது வழிவழி வரும் செய்தி. நம்பி வந்தோர் கண்டது அட்டையும் குளிருமே. எனினும் அப்பொய்யை அவர்கள் மறந்தாரல்லர். ‘தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும்’ என அதனையே வழக்குமொழியாக்கிக் கொண்டனர். ஏய்த்தவன் சொல்லே ஏமாந்தவர்க்கு எச்சரிக்கையாயிற்று!

‘பேர்’ என்னும் சொல் இன்னும் ஆழமானது. நூல்வழக்கில் அது புகழ். தோட்டத்திலோ ஒருநாட் கூலி. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. மாந்தன் பெயரையே பாதியாக அறுக்கும் இவ்வழக்கைக் கேட்டு நெஞ்சு நடுங்காதார் யார்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கையாற் பல்லாயிரவர் இந்தியா சென்றனர். எஞ்சி நின்ற நாடற்றவர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அரைப்பேர் முழுப்பேராக ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

பேர்சிவல் பாதிரியார் 1842இலேயே யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழிகளை அச்சேற்றினார். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தோட்டத்து மொழிகளுக்கும் அத்தொண்டு வேண்டும். ஆசிரியர்காள்! மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் ஒரு மொழி கேட்டு, எப்போது, எதற்குச் சொல்லப்படுவது என்பதனையும் சேர்த்தெழுதி வரச் செய்மின். பாட்டியரோடு அச்சொற்களும் மண்ணுள் மறையுமாயின், அவற்றை மீளத் தோண்டியெடுக்க எந்தத் தூரும் உதவாது.