‘காலிங்’ ஏன் ‘ரிங்கிங்’ ஆக மறுக்கிறது?

1941-லேயே சிங்கப்பூரில் தங்கள் ஊர்ப் பெயரில் முஸ்லிம் லீக் தொடங்கியவர்கள் கடையநல்லூர்க்காரர்கள். அங்கேயும் இங்கேயுமாக வாழும் அந்தக் குடும்பங்களுக்கு இன்று வீடியோ கால்தான் வீட்டு முற்றம். மகன் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார்; இங்கே உம்மாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். திரையில் ‘காலிங்’ அப்படியே நிற்கிறது, ‘ரிங்கிங்’ ஆவேனா என்கிறது. வாருங்கள், அந்தச் சொல்லுக்குப் பின்னால் புகுந்து பார்த்துவிடுவோம்!

கால் நேராகக் கடையநல்லூருக்கு வருவதில்லை. முதலில் வாட்ஸ்அப் சர்வருக்குப் போகிறது. சர்வரும் உம்மாவின் போனைத் தேடி அலைவதில்லை. ஆனில் இருக்கும் போன், மேசையில் சும்மா கிடந்தாலும், இணையத்தில் ஓர் இணைப்பைத் தானே திறந்து வைத்திருக்கிறது: ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் சர்வரோடு, ஐபோன் என்றால் ஆப்பிள் சர்வரோடு. ‘கால் வந்திருக்கு, எழுந்திரு’ என்கிற துளியூண்டு தகவல் அந்த வழியாக நுழைந்து, போன் பதில் சொன்ன பிறகே ‘ரிங்கிங்’! என்ன அருமையான ஏற்பாடு! போனை அணைத்தால் இணைப்பு அறுந்துபோகிறது. முகமும் குரலும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பவே இல்லை.

இதையும் தாண்டி என்னைச் சொக்க வைப்பது, போன் அணையும் அந்தக் கடைசி நொடி. பவர் பட்டனை அழுத்தியதும், ‘நான் போயிட்டு வர்றேன்’ என்று டவர் வழியாக நெட்வொர்க்குக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறது! நெட்வொர்க் குறித்துக்கொள்கிறது. சாதாரண கால் போட்டதும் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்ற குரல் சட்டென்று வருவது பெரும்பாலும் இதனால்தான். பேட்டரியைத் திடீரென்று கழற்றிவிட்டால் சொல்லிக்கொள்ள நேரமிருக்காது. பாவம், நெட்வொர்க் அந்த வட்டாரத்து டவர்கள் வழியாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கும்.

வாட்ஸ்அப்புக்கு இந்த விடைபெறல் எட்டுவதே இல்லை. டேட்டாவை அணைத்தாலும் மலையடிவாரத்தில் சிக்னல் போனாலும் அதே ‘காலிங்’தான். ஆகவே வெளியூரில் பதறும் பிள்ளைகளே, சாதாரண கால் ஒன்றும் போட்டுப் பாருங்கள். மணி அடித்தால் போன் ஆனில்தான் இருக்கிறது, நெட்தான் இல்லை. அணைந்திருந்தாலும் கவலை வேண்டாம்: மறுபடி ஆன் செய்து நெட் வந்ததும், மிஸ்டு கால் தகவல் உம்மாவுக்கு வந்து சேர்ந்துவிடும்.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், பல ஐபோன்கள் அணைத்த பிறகும் புளூடூத்தில் மெல்லிய சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கின்றன, தொலைந்தால் கண்டுபிடிக்க! இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது மட்டுமே அதன் வேலை. டவரோடு பேசும் மோடம் அணைந்தே கிடப்பதால், கால் நுழைய அங்கேயும் வழி கிடையாது.