இறுகிய போல்ட்டை இளக்குவது எப்படி?

மழையில் நனைந்து ஓடும் வண்டிகளில் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிப்பதால் மரை நெருக்கப்படுகிறது. பலத்தைக் காட்டினால் தலை முறியும். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு சரியான அளவு பாக்ஸ் ஸ்பானரை மாட்டி, இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். பெட்ரோல் வண்டியில் தீ காட்டவே கூடாது.

மரையுள்ள ஸ்பார்க் பிளக்கையும் இதேபோல் கவனமாக, இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். கொதிக்கும் சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடும். சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதி அகற்றுங்கள்; அது சிலிண்டருக்குள் விழக் கூடாது. புதிய பிளக்கை மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். அப்போதுதான் மரை நேராகப் பிடிக்கும்.